கண்ணாடித் தகட்டில் இருந்தவர்

அந்த அம்மாள் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தது இரண்டே முறை. இரண்டு முறையும் செருப்பை வெளியே விட்டு, மாதா கோவிலுக்குள் நுழைவதுபோல் சேலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

முதலில் வந்தது, கடலில் சங்கு குளிக்கும் கணவரின் கழுத்திலிருந்து வெட்டியெடுத்த கட்டியின் முடிவைக் கேட்க. வெறும் கொழுப்புக் கட்டிதான் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுக்குள்ள என்னத்த சார் பாக்கிய?" என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டினார்.

வாத்தியாராக ஆசைப்பட்டவன் நான். யாராவது கேட்டால் விடமாட்டேன். அந்தக் கட்டியிலிருந்து சீவிய துணுக்கு ஒட்டிய கண்ணாடித் தகட்டை வைத்து, குனிந்து பார்க்கச் சொன்னேன். "இதெல்லாம் உயிரணும்மா. ஒவ்வொண்ணுக்குள்ளயும் முழு மனுசனும் எழுதியிருக்கும்."

"உயிரா!" என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

மறுமுறை வந்தபோது முகம் வற்றியிருந்தது. கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை. எல்லோரும் தேடியும் உடல் கிடைக்கவில்லை.

"குழியில வைக்க ஒண்ணுமே இல்ல சார். அந்த உயிரணுவையாவது தாங்க."

டாக்டரிடம் கேட்டு, அந்தக் கண்ணாடித் தகட்டை எடுத்துக் கொடுத்தேன். மருந்தில் போட்ட அன்றே அந்த அணுக்கள் செத்துவிட்டன என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் ஜன்னல் வெளிச்சத்தில் தகட்டைத் தூக்கிப் பிடித்தார். நகத்தளவுக்கு ஓர் இளஞ்சிவப்புக் கறை.

"இதுல அவிய முழுசா இருக்காவன்னுதான சொன்னிய?"

"ஆமாம்மா."

தகட்டை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"அப்பம்னா சவப்பெட்டிய அவிய உயரத்துக்கே செய்யச் சொல்லிருதேன்."