முனியப்பன் கயிறும் கிளட்ச் கேபிளும்

போன செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணி. எங்கள் ஊரிலிருந்து மொரப்பூர் ரயில் நிலையத்துக்குப் பதினாறு கிலோமீட்டர். ரயில் ஆறு இருபதுக்கு. பைக்கை நான் ஓட்ட, பின்னால் என் மனைவி சுமதி. அவள் தோளில் ஒரு பை, பைக்குள் சான்றிதழ்கள்.

சுமதி ஓர் அரசு ஆஸ்பத்திரி லேபில் எட்டு வருடமாக ஒப்பந்த ஊழியர். அன்று மதியம் இரண்டு மணிக்குச் சென்னையில், நிரந்தர வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு. வராதவர்களுக்கு மறுவாய்ப்பு கிடையாது என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள். முந்தின நாளே கிளம்பியிருக்கலாமே என்கிறீர்களா? லேபில் ஒரு நாள்தான் லீவு கொடுத்தார்கள். இந்த ரயிலை விட்டால் பஸ்தான். பஸ்ஸில் போய் இரண்டு மணிக்குள் சென்னையில் இறங்குவது நடக்கிற காரியமில்லை.

பாதி தூரம் தாண்டியிருப்போம். ஒரு வேகத்தடை. கிளட்சைப் பிடித்தேன்... 'டப்'!

லீவர் தொளதொளவென்று ஆடியது. வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிட்டது. கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு பைக். வாரத்தில் ஆறு நாள் அதை ஓட்டுவது சுமதி. ஞாயிற்றுக்கிழமை அதைப் பராமரிப்பது நான். செயினுக்கு ஆயில், டயருக்குக் காற்று, கிளட்ச் கேபிளுக்கு நாலு சொட்டு எண்ணெய்... ஒரு வாரம் தவறியதில்லை. அந்தப் பெருமையை இதே பக்கத்தில் உங்களிடம் எத்தனை முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன்!

இரண்டு மாதம் முன்பு சுமதி சொன்னாள் - "ஏங்க, கிளட்ச் ரொம்பக் கெட்டியா இருக்குது. புடிச்சா வெரலு வலிக்குது."

நான் என்ன செய்தேன்? வாசலில் நிறுத்தியிருந்த வண்டியின் லீவரை இரண்டு முறை அமுக்கிப் பார்த்தேன். எஞ்சின் பக்கம் கேபிளை இறுக்கும் அட்ஜஸ்டரை அரைச் சுற்று திருகினேன். "எல்லாம் சரியாத்தான் இருக்குது. உனக்குக் கையில தெம்பில்ல" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். வாசலில் இரண்டு முறை அமுக்கியவனுக்கும், தினமும் டவுன் டிராஃபிக்கில் இருநூறு முறை அமுக்குகிறவளுக்கும் வித்தியாசம் இருக்குமே என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

சரி, ரோட்டுக்கு வருவோம். இரண்டு பக்கமும் மரவள்ளித் தோட்டம். அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? போனை எடுத்து யாரைக் கூப்பிடலாம் என்று நான் தடவிக்கொண்டிருந்தபோதே சுமதி பையை என் கழுத்தில் மாட்டினாள்.

"எறங்குங்க. நான் ஓட்றேன். நீங்க தள்ளுங்க."

"கிளட்ச் இல்லாம எப்படி ஓட்டுவ?"

"நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணிக்கிறேன். நீங்க தள்ளுனா வண்டி ஓடும், அப்ப கியரைப் போட்டுடுவேன். போட்டதும் ஏறிக்கோங்க. நிக்க மாட்டேன், பாத்துக்கோங்க!"

கழுத்தில் பை, மடித்துக் கட்டிய வேட்டி, நாற்பத்தொன்பது வயது. தள்ளினேன், ஓடினேன். 'டக்'கென்று கியர் விழுந்து வண்டி ஓர் உலுக்கு உலுக்கியது. எப்படித் தாவி ஏறினேன் என்று இன்னமும் எனக்கே விளங்கவில்லை.

பிறகுதான் ஆச்சரியம். ஆக்சிலேட்டரை ஒரு நொடி விடுகிறாள், காலால் கியரைத் தட்டுகிறாள், மறுபடி முறுக்குகிறாள். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இரண்டாவது, மூன்றாவது.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"எங்க கத்துக்கிறது? வெரலு வலிக்குதுன்னு ரெண்டு மாசமா இப்பிடித்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன்."

அதில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். வெட்கமாக இருந்தது - ரொம்பவே.

மொரப்பூருக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு செம்மறி ஆட்டுக் கூட்டம். நின்றால் மறுபடி தள்ளல், மறுபடி ஓட்டம். நேரம் ஆறு ஐந்து. நான் பின்னாலிருந்து கத்தினேன் - "அண்ணா... வழி வுடுங்க! கிளட்ச் இல்ல!"

ஆட்டுக்காரர் கோலை வீசி மந்தையை ஓரமாக ஒதுக்கினார். நாங்கள் கடந்து போகையில் நிதானமாகக் கேட்டார் - "கிளட்ச்சு இல்லாமயா வூட்ட வுட்டு கெளம்புனீங்க?"

நியாயமான கேள்விதானே?

ஆறு பதினாறுக்கு ஸ்டேஷன் வாசலில் எஞ்சினை அணைத்து, பிரேக் பிடித்து நிறுத்தினாள். பையை வாங்கிக்கொண்டு ஓடினாள். ரயில் அவளை ஏற்றிக்கொண்டு போனது.

ஒன்பது மணிக்குத் திறந்த முதல் ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். மெக்கானிக் இடது ஹேண்டில்பாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதை நான் வெட்ட மாட்டேங்க. சாமி கயிறு. நீங்களே வெட்டிக் குடுங்க."

முனியப்பன் கோயிலில் வருடா வருடம் வண்டிக்குப் பூஜை போட்டுக் கறுப்புக் கயிறு கட்டுவோம். வலது பக்கம் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் இருப்பதால் அங்கே கட்டக் கூடாது, இடைஞ்சல் என்று இடது பக்கமே கட்டச் சொன்ன புத்திசாலி நான்தான். பழைய கயிற்றை அவிழ்க்க மனசு வராது, அதன் மேலேயே புதுசு. இப்படி ஆறு வருடக் கயிறு, லீவரும் கேபிளும் சேரும் இடத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு உருண்டிருந்தது. மேலே ஆறு வருடக் குங்குமம், சந்தனம்.

கன்னத்தில் போட்டுக்கொண்டு வெட்டினேன். உள்ளே கேபிளின் கம்பி இழைகள் துருப்பிடித்துத் துடைப்பம்போல விரிந்து கிடந்தன.

"வாரா வாரம் எண்ணெய் வுட்டேனேங்க!"

மெக்கானிக் கயிற்று உருண்டையை என் கையில் வைத்துப் பிழியச் சொன்னார். எண்ணெய் சொட்டியது. நான் விட்டதையெல்லாம் கயிறு குடித்திருக்கிறது. மழைத் தண்ணீரையும் பிடித்துவைத்துக் கேபிளுக்குத் துரு ஏற்றியிருக்கிறது. நானோ அறுந்துகொண்டிருந்த கேபிளை அட்ஜஸ்டரில் திருகித் திருகி இன்னும் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே, பட்டவன் சொல்கிறேன். லீவர் பக்கத்து ரப்பரை நகர்த்திக் கேபிளின் தலையைக் கண்ணால் பாருங்கள். ஒரே ஓர் இழை அறுந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள், அது பெரிய செலவில்லை. எண்ணெய் விட்டால் மேலே விட்டது கீழ் முனையில் எட்டிப் பார்க்க வேண்டும். அதுவரை நீங்கள் விட்டது கேபிளுக்குப் போனதாக அர்த்தமில்லை. லீவர் லேசாக ஆட ஓர் இடைவெளி இருக்கட்டும், ஒரு ரூபாய் நாணயம் நுழைகிற அளவு. ஹேண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பாருங்கள், கேபிள் எங்கேயும் இழுபடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால், வண்டியை ஓட்டுகிறவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். நாம் வாரம் ஒரு முறை பார்க்கிறோம். அவர்கள் கைக்குத் தினமும் தெரிகிறது. வீட்டிலும் ஆபீஸிலும் பாதிச் சண்டை இதில்தானே ஆரம்பிக்கிறது? கஷ்டம் ஒருவருக்கு, 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று சொல்லும் உரிமை இன்னொருவருக்கு!

மதியம் மூன்றரைக்குச் சுமதி போன் செய்தாள். "முடிஞ்சிருச்சுங்க. எல்லாம் சரியா இருக்குதுன்னு கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க." "புதுக் கேபிள் போட்டாச்சு, ஒத்த விரல்ல புடிக்கலாம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை இருவரும் முனியப்பன் கோயிலுக்குப் போனோம். பூசாரி கறுப்புக் கயிற்றை எடுத்துக்கொண்டு வழக்கம்போல இடது ஹேண்டில்பார் பக்கம் போனார். சுமதி தடுத்தாள்.

"வண்டிக்கு வேண்டாங்க சாமி, அது ரெண்டு மாசமா சொல்லிக்கிட்டுத்தான் இருந்துச்சு. கேக்காதவரு இவருதான், இவரு கையில கட்டுங்க."