மத்தியானம் ஏறும் ஈரப்பதம்

முதல் நாள்

மஞ்சூருக்குக் கீழே உள்ள ஒரு டீ ஃபேக்டரியில் டேட்டா லாகர் மாட்டப் போன முதல் நாளே, சுற்றுவட்டாரத் தேயிலை விவசாயிகளுக்கு நான் விலையை ஏற்றிவிட்டேன்.

லாகர் என்பது கைக்கு அடக்கமான ஒரு பெட்டி. சென்சார் காட்டும் அளவை நிமிடத்துக்கு ஒரு முறை கேபிள் வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அங்கே ஒரு சின்ன சாஃப்ட்வேர் அந்த எண்ணை வாங்கி, யாரோ கீபோர்டில் தட்டுவது போல எக்ஸெல்லில் அடித்து, என்டரும் தட்டிவிடும். அடுத்த எண் அடுத்த கட்டத்தில் விழும். கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கே அடிப்பதுதான் அதன் குணம். முன்னால் இருப்பது எக்ஸெல்லா வேறெதுவுமா என்று பார்க்காது.

அன்று வெப்பநிலை சென்சாரை மட்டும் இணைத்துவிட்டு, கேபிளுக்குக் கிளிப் அடிக்க மாடிக்குப் போனேன். ஆபீஸ் கிளார்க் ஸ்டெல்லா அதே கம்ப்யூட்டரில் விவசாயிகளுக்குக் கொழுந்து விலை அறிவிக்கும் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து, கொழுந்து லாரி வரும் நேரத்தைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். குரூப் திறந்தபடியே இருந்தது. மாடியின் வெப்பநிலை ஒவ்வொன்றாகக் குரூப்புக்குப் போனது. 22.8. 23.1. 23.5. வெயில் ஏற ஏற எண்ணும் ஏறியது.

நான் கீழே வந்தபோது ஸ்டெல்லா போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தார். மறுமுனையில் ஒரு விவசாயி.

"ஏனுங்க ஸ்டெல்லாம்மா, கொழுந்து கிலோ இருபத்தி மூணரைங்களா? நெசந்தானுங்களா?"

"யாருங்க சொன்னது?"

"நீங்கதானுங்க சொல்றீங்க. இப்ப இருபத்தி நாலு ஆயிருச்சு பாருங்க. நீங்க பாட்டுக்கு ஏத்தீட்டே இருங்க, நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டம்."

மேனேஜர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஏப்பா, நீ எதுவரைக்கும் படிச்சிருக்கே?"

"ஒம்பதாவதுங்க சார்."

"நல்லவேளை. பத்தாவது படிச்சிருந்தா முப்பதுக்கு ஏத்தியிருப்பே."

ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு நான் படித்ததெல்லாம் வேலை பார்த்த இடங்களில்தான். லாரி கிளீனர், தேவாலாவில் ஓடு சுமக்கும் வேலை, கூடலூரில் செல்போன் ரிப்பேர் என்று ஓரிடத்தில் நிற்காமல் சுற்றிவிட்டு, கோயமுத்தூரில் கருவி விற்கும் ஒருவரிடம் சேர்ந்திருந்தேன். தங்கும் செலவு அவர் கணக்கில் கிடையாது. ஃபேக்டரியில் சாக்கு அடுக்கும் அறையில் படுத்துக்கொண்டேன். குளிர் இருந்தது. சாக்கும் இருந்தது.

மறுநாள் எக்ஸெல்லுக்கென்று தனியாக ஒரு பழைய லேப்டாப் வாங்கி வைத்தார்கள். கீபோர்டின் மேல் ஸ்டெல்லா அட்டையை ஒட்டி மூடினார். அதன் பிறகு குரூப்புக்கு வெப்பநிலை எதுவும் போகவில்லை. வருத்தப்பட்டவர்கள் விவசாயிகள் மட்டும்தான்.

ஃபேனும் தூக்கமும்

பறித்து வந்த கொழுந்தை முதலில் வாட வைக்க வேண்டும். அதற்கு விதரிங் மாடி. நீளமான தொட்டிகளில் கம்பி வலைமேல் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து ஃபேன் வைத்துக் காற்று ஊதுவார்கள். மழைக்காலத்தில் சூடான காற்று. மாடியின் ஈரப்பதத்தைப் பார்த்தால் வாடல் எப்படி நடக்கிறது என்று தெரியும். தேயிலை வாங்கும் கம்பெனி அந்த அளவுகளை எக்ஸெல் ஃபைலாகக் கேட்டிருந்தது. ஈரப்பத சென்சாரையும் மாட்டிக் கொடுத்தேன்.

மழை பிடித்ததும் பிரச்சினை வந்தது. காலையெல்லாம் எழுபத்து நான்கு, எழுபத்தைந்து என்று அமைதியாக இருக்கும் எண், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தொண்ணூற்றெட்டுக்குத் தாவும். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு இறங்கிவிடும். தினமும் இதே கதை.

மேனேஜருக்குச் சந்தேகமே இல்லை. "ஃபேன் நின்னாத்தான் இப்பிடி ஏறும். மாரிமுத்து சோத்தத் தின்னுட்டு, ஃபேனை ஆஃப் பண்ணீட்டுத் தூங்கறான். இதக் கம்பெனிக்காரன் பாத்தான்னா ஆர்டர் போச்சு. நாளையோட அவன வெறகு பொளக்க அனுப்பீர்றேன். மாடிக்கு வேற ஆள் போட்டுக்கலாம்."

மாரிமுத்து அண்ணன் விதரிங் மாடியைப் பார்த்துக்கொள்பவர். பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். மூட்டு வலிக்காரர். மழையில் நின்று விறகு பிளப்பது அவரால் ஆகாது. அது எல்லோருக்கும் தெரியும்.

அவரிடமே போய்க் கேட்டேன். "அண்ணே, ஃபேன நிறுத்துறீங்களா?"

"ஃபேன நிறுத்துனா எனக்குத் தூக்கமே வராது தம்பி. அந்தச் சத்தம் இருந்தாத்தான் வரும்."

"அப்ப தூங்குறீங்களா?"

"ஊட்டுல சொல்றேன்யா. இந்தக் குளுருல டேபிள் ஃபேன் போட்டுத்தான் படுக்கறேன். பொண்டாட்டி திட்டாத நாளில்ல."

சென்சார்தான் கெட்டிருக்கும் என்று நினைத்து, கையிலிருந்த புது சென்சாரை மாற்றினேன். மத்தியானம் அதுவும் தொண்ணூற்றெட்டுக்குப் போனது. அண்ணனைக் காப்பாற்றப் போய், எண் சரிதான் என்று நானே சாட்சி சொன்னதுபோல் ஆகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு மத்தியானம் பொறுத்துப் பார்க்கும்படி மேனேஜரைக் கேட்டுக்கொண்டேன். சரி என்றார்.

ஏறும்போதே ஏறினோம்

அன்றும் நல்ல மழை. நான் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தேன். மேனேஜர் டீயோடு பக்கத்தில் வந்து நின்றார். அண்ணன் மாடியில் ஃபேன் அருகே போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். எக்ஸெல்லில் எண்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. எழுபத்து நான்கு. எழுபத்தைந்து. எண்பத்தாறு.

"அண்ணே, ஏறுது. ஃபேன் ஓடுதா?"

"சத்தம் கேக்கல?" இரைச்சல் காதைப் பிய்த்தது.

தொண்ணூற்று மூன்று.

"காத்து வருதா பாருங்க."

"வருது. கொழுந்து ஆடுது தம்பி."

தொண்ணூற்றெட்டு.

மேனேஜர் டம்ளரை வைத்துவிட்டுப் படியேறினார். நான் பின்னால் ஓடினேன்.

மாடியில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கொழுந்து பரப்பும் பெண்கள் மழையில் லாரியிலிருந்து மூட்டை இறக்கிவிட்டு வந்து, தொட்டியோரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சென்சார் மாட்டிய தூணைப் பார்த்தேன். சென்சாரைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு ஈர ஸ்வெட்டர், அதன்மேல் இன்னொரு ஸ்வெட்டர், ஒரு குரங்குக் குல்லா, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மஃப்ளர்.

பரப்பும் பெண்களில் மூத்தவரான லட்சுமி அக்கா எழுந்து வந்தார். "ஏனுங்க சார், நாங்க வேலைக்கு வந்த நாள்ல இருந்து அது எங்க ஆணிங்க. சூடு அங்கதான் நல்லா வரும். இவுருதான் சொல்லாமக் கொள்ளாம அதுல டப்பாவ மாட்டீட்டுப் போனாரு. சின்னப் பையன், போகட்டும்னு நாங்க ஒண்ணும் கேக்கல."

தூணில் தயாராக ஒரு ஆணி இருக்கிறதே என்று சந்தோஷமாக மாட்டியவன் நான்தான்.

மேனேஜர் அண்ணனிடம் திரும்பினார். "இத ஏய்யா நீ சொல்லல?"

"தெனமும் காயப்போடறதுதானுங்க சார். அதுக்கும் உங்க கம்ப்யூட்டருக்கும் சம்பந்தம் இருக்கும்னு நான் என்னத்தக் கண்டேன்?"

"இந்த மஃப்ளர் யாருது?"

அண்ணன் ஃபேனைப் பார்த்தார். "என்னுதுதாங்க."

முதலில் சிரித்தது லட்சுமி அக்கா. மேனேஜர் அடக்கப் பார்த்தார், முடியவில்லை. விறகுப் பேச்சு அத்தோடு போயிற்று. சென்சாரை அடுத்த தூணுக்கு மாற்றினேன். ஆணி அவர்களிடமே இருந்தது.

ரிமார்க்ஸ்

ஃபைலை அனுப்பும் நாள் வந்தது. "அந்த மத்தியான நம்பரயெல்லாம் அழிச்சுட்டு எழுபத்தி நாலுன்னு போட்டுரு" என்றார் மேனேஜர். எனக்கும் அது சுலபமாகத்தான் தெரிந்தது. ஸ்டெல்லா சொல்லி விஷயம் மாடிக்குப் போய்விட்டது. அண்ணன் செருப்பை வெளியே விட்டுவிட்டு ஆபீசுக்குள் வந்தார்.

"அழிக்காதீங்க சார். பின்னாடி எவனாச்சும் கண்டுபுடிச்சா, மாரிமுத்து தூங்குனத மறைச்சுட்டாங்கன்னுதான் பேசுவான்."

ஸ்டெல்லாதான் வழி சொன்னார். "பக்கத்துல ரிமார்க்ஸ்னு ஒண்ணு போட்டு எழுதீரலாங்க சார்." தாவிய எண்களுக்கு எதிரே அவரே அடித்தார்: 'சென்சார் மேல் ஈர ஸ்வெட்டர். ஃபேன் ஓடியது.'

"அந்த ரெண்டாவது வரி எல்லா நாளைக்கும் இருக்குதான்னு ஒருக்காப் பாத்துக்குங்கம்மா" என்றார் அண்ணன். பார்த்துச் சொன்ன பிறகுதான் செருப்பை மாட்டினார்.

கம்பெனியிலிருந்து போன் வந்தபோது மேனேஜர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பேசினார். அந்தப் பக்கம் பேசியவர் சிரித்துக்கொண்டே சொன்னது எனக்கும் கேட்டது. "மழை நாள்ல ஒரு சாப்பாட்டு நேரத்துக்குள்ள ஸ்வெட்டர் காயுதுன்னா, உங்க மாடியில காத்து நல்லாத்தாங்க வருது." ஆர்டர் கைவிட்டுப் போகாமல் நின்றது. அண்ணனும் மாடியிலேயே நின்றார்.

அதற்குப் பிறகு காளான் கொட்டகை, குளிர்பதனக் கிடங்கு என்று பல இடங்களில் லாகர் மாட்டிவிட்டேன். எங்கே போனாலும் எண்கள் விழும் இடத்துக்குப் பக்கத்தில் ரிமார்க்ஸ் போட்டுவிட்டுத்தான் சாஃப்ட்வேரை ஓட விடுகிறேன். சென்சாரை மாட்டும் முன், நாள் முழுக்க அங்கே நிற்பவர்களிடம் இடம் கேட்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். எக்ஸெல்லில் ஒரு எண் தாவினால், கருவியையும் ஆளையும் சந்தேகப்படும் முன் எழுந்து போய்ப் பாருங்கள். லைவ் ரீடிங் என்று ஒன்று இருப்பதே, விஷயம் நடந்துகொண்டிருக்கும்போதே நாம் மாடியேறிவிடலாம் என்பதற்காகத்தான்.