ஐந்து மணித்தியாலத்தில் லண்டன்

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் த்ரீவீலர் ஓட்டிய செல்லச்சாமியிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், போய்ச் சேரும் நேரத்தைச் சொல்லிவிடுவார். கலகெதரவுக்கு முக்கால் மணித்தியாலம், மழையென்றால் ஒன்று. பல்லேகலைக்கு அரை. பன்னிரண்டு வருடமாக அவர் கணக்குத் தப்பியதில்லை. அந்தத் திமிரில்தான் 1998 தை மாதம், மகள் ஞானேஸ்வரி லண்டனில் இருக்கும் புருஷனிடம் புறப்பட்டபோது, டிக்கெட்டைத் தானே பார்த்துக் கணக்குப் போட்டார். ஏறுவது காலை ஏழு, இறங்குவது பகல் பன்னிரண்டு.

"அஞ்சே மணித்தியாலம்! பதுளைக்கு ரயில்ல போறத விடச் சுருக்கு."

அதை நம்பித்தான் மனைவி பேச்சியம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். பிளேன் ஏறியதிலிருந்து தரையைத் தொடும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. சாமி, நேர்த்தி என்றாலே செல்லச்சாமிக்கு நக்கல்தான்.

"பிளேன ஓட்டுறவனே சாப்பிட்டுக்கிட்டுத்தான் ஓட்டுவான். நீ எதுக்குப் பட்டினி கெடக்குற?"

விடியுமுன் மாப்பிள்ளை வீட்டார் வந்து மகளை வேனில் ஏற்றிப் போனார்கள். இறங்கிய கையோடு பளீல் நானாவின் கடைக்கு ஃபோன் எடுப்பதாகச் சொல்லியிருந்தாள். தெருவில் அங்கே மட்டும்தான் ஃபோன் இருந்தது.

பன்னிரண்டு மணியாயிற்று. ஒன்று. ஃபோன் வரவில்லை. இரண்டு மணிக்குப் பேச்சியம்மா வேர்த்துக் கொட்டி, கை கால் நடுங்கச் சுருண்டு படுத்துவிட்டாள். சீனி வருத்தக்காரி, நீரிழிவுக் குளிசையை விடியப் போட்டவள் பிறகு ஒரு வாய் சாப்பிடவில்லை.

"சீனித்தண்ணி குடி புள்ள."

"அவ எறங்கின சேதி வரட்டுங்க. பிளேன் விழுந்து கிழுந்து..."

செல்லச்சாமி கடைக்கு ஓடினார். சவூதியில் வேலை பார்த்துத் திரும்பியிருந்த பளீல், அவர் கணக்கைக் கேட்டுத் தலையில் கை வைத்தார்.

"லண்டன் அஞ்சாயிரத்து நானூறு மைல் செல்லச்சாமி! அஞ்சு மணித்தியாலத்துல எப்பிடிப் போற? ஏறுற நேரம் நம்மட மணி, எறங்குற நேரம் அங்கத்தய மணி. அங்க ஆறு மணித்தியாலம் பிந்தி. பதினொரு மணித்தியால ஓட்டம். அந்திக்கு ஆறு மணிக்குத்தான் மக எறங்குவா."

பிளேன் விழவில்லை. அந்தச் சந்தோசம் வீட்டு வாசல் வரைதான் தாங்கியது. இன்னும் நாலு மணித்தியாலம் என்று சொன்னால் பேச்சியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். அதுவரை உயிர் இருக்குமா? நேர்ந்ததை அவள் ஒருநாளும் மீறியவள் இல்லை.

"எறங்கிட்டா," என்றார் உள்ளே நுழைந்ததும். "இப்பத்தான் பேசினா."

அவள் கண்ணைத் திறந்தாள். "என்ன சொன்னா?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. "குளிராம். அம்மா சாப்பிட்டிச்சான்னு கேட்டா."

பேச்சியம்மா அழுதாள். அவர் நீட்டிய சீனித்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தாள். கால் மணித்தியாலத்தில் நடுக்கம் அடங்கிற்று, சோறும் கேட்டாள். போட்டுக் கொடுத்தார்.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. பிள்ளை இன்னும் ஆகாயத்தில் இருக்கிறாள். அவளுக்காக நேர்ந்ததைப் பொய் சொல்லிக் கெடுத்தாயிற்று. கடைக்குத் திரும்பி ஃபோனுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பளீல் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

"குடிங்க. காலையில இருந்து ஓடுறீங்க."

செல்லச்சாமி கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"வேணாம் நானா. அவ எறங்கட்டும்."

மணி இன்னும் மூன்றுகூட ஆகவில்லை.