இரண்டு வரியும் இருக்கும்

சகாயராணி மேடம் இறந்த செய்தியை அவருடைய தம்பி அந்தோணிதான் போனில் சொன்னார். "அக்கா போயிட்டாங்க ஞானவேலு. காலையில காபி கேட்டாங்க, போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு." நான் சென்னையில் ஒரு விமானத்தின் வால் பக்கம் ஏணியில் நின்றுகொண்டிருந்தேன். விமான டெக்னீஷியனாக அதுதான் என் வேலை. லீவு சொல்லிவிட்டு மரக்காணத்துக்குப் பஸ் ஏறினேன்.

உப்பு வாரும் பருவம் என்பதால் கல்லறைத் தோட்டத்துக்குப் பாதிப் பேர் உப்பளத்திலிருந்து நேராக வந்திருந்தார்கள். ஒரு தொழிலதிபரின் தனி விமானத்தைக் கவனித்துக்கொண்ட நிறுவனத்தின் பழைய மேலாளரும் பெரிய மாலையோடு வந்தார். நான் பின்னால் நிற்பது தெரியாமல் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "அந்தப் புகை கேஸ்ல ஊர்ப் பையன் மாட்டிக்கிட்டான்னு காப்பாத்தி விட்டாங்க. நல்ல மனசு." கேட்டவர் உச்சுக் கொட்டினார். எனக்கு ரத்தம் கொதித்தது. சாவு நடந்த இடத்தில் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அது தப்பு. மேடத்தைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் கேளுங்கள். அவர் என்னைக் காப்பாற்றவில்லை.

நடந்தது இதுதான். அந்தத் தொழிலதிபரின் சின்ன ஜெட் இதே மரக்காணத்துக் கடலுக்கு மேலே பறக்கும்போது கேபினின் பின்பக்கத்தில் புகை கிளம்பியது. பைலட்டுகள் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு சென்னைக்கே திருப்பி இறக்கினார்கள். பயணிகள் மூன்று பேரும் இருமிக்கொண்டே இறங்கினார்கள். தரைப் பலகைக்கு அடியில் ஒரு வயர் இணைப்பு கருகியிருந்தது. ஆறு வாரத்துக்கு முன் அந்த இடத்தைச் சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டவன், அப்போது அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த நான். நான் வயரைத் தப்பாக மாட்டியதுதான் காரணம் என்று நிறுவனம் அவசர அவசரமாக எழுதிக் கொடுத்துவிட்டது. என் லைசென்ஸ் பறிபோகும் நிலைமை. அது போனால் எனக்கு வேறு பிழைப்பு கிடையாது.

விமானப் போக்குவரத்துத் துறையின் விசாரணை அதிகாரியாக மேடம் வந்தார். கருகிய இணைப்பைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்தது. தீயணைப்புக்காரர்கள் அடித்த பொடி என்று சொல்லி ஒருவர் துடைக்கத் துணியை எடுத்தார். "கையை எடுங்க" என்று மேடம் போட்ட அதட்டலில் அவர் துணியைக் கீழே போட்டுவிட்டார். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. "பொடின்னா மாவு மாதிரி இருக்கும். இது கட்டம் கட்டமா இருக்குது. உப்பு! எங்கம்மா தலையில சுமந்த உப்பு எனக்குத் தெரியாதா?" மேலாளர் சிரித்தார். "நல்லா சிரிங்க. என் கண்ணை நீங்க நம்ப வேணாம், லேப்புக்கு அனுப்புறேன்" என்றார். லேப்பும் உப்பு என்றுதான் சொன்னது.

விமானத்துக்குள் உப்பு எப்படி வரும்? அந்தத் தொழிலதிபர் வீட்டுக்கு வாராவாரம் இந்தக் கரையிலிருந்து இறால் போகிறது என்று மேடம் கண்டுபிடித்தார். சரக்குப் பட்டியலில் இறால் என்ற வார்த்தையே இல்லை. அப்படி எதுவும் ஏற்றவில்லை என்று நிறுவனம் சாதித்தது. மேடம் நேராகக் கடற்கரைக்கே போய், பெட்டி கட்டிக் கொடுத்த அம்மாவைத் தேடிப் பிடித்தார். "கடல் தண்ணியிலதாங்க ஐஸைப் போட்டுக் கட்டுவோம். பிளேன்ல போவுதுன்னு டிரைவர் பெருமையா சொல்லுவான்" என்றார் அந்த அம்மா. பெட்டியிலிருந்து ஒழுகிய தண்ணீர் பலகை இடுக்கில் இறங்கி, இணைப்பை அரித்திருக்கிறது.

நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். மறுநாள் மேடம் என்னைக் கூப்பிட்டு, "பலகையைத் திறந்து பார்த்தியா?" என்று கேட்டார். பார்த்தேன் என்று கூசாமல் சொன்னேன். புகைக்குப் பிறகு பலகையைக் கழற்றுவதற்கு முன் எடுத்த ஒரு போட்டோவை அவர் முன்னால் வைத்தார். பலகையை மூடியதும் திருகாணித் தலைக்குக் குறுக்கே சிவப்புப் பெயின்ட்டில் கோடு இழுப்போம். திறந்தால் அந்தக் கோடு உடைந்துவிடும். போட்டோவில் இருந்தவை பழைய கோடுகள். ஒன்றுகூட உடையவில்லை. "மேடம், நான் வானூரு. உங்க மரக்காணத்துக்குப் பக்கம்தான். பார்த்துச் செய்யுங்க" என்றேன். "ஊர் பேரை எதுக்குப்பா இழுக்கிற? திறந்தியா, இல்லியா?" என்றார். இல்லை என்றேன். எழுதிக்கொண்டார்.

பேரம் அதற்குப் பிறகுதான் வந்தது. பேசியவர் கல்லறைத் தோட்டத்துக்கு மாலையோடு வந்த அதே மேலாளர். "அறிக்கையிலேர்ந்து இறால் பெட்டியை எடுத்துடுங்க மேடம். பையன் மேல போட்ட கம்ப்ளெயின்ட்டை நாங்களும் வாபஸ் வாங்கிக்கிறோம். யாருக்கும் நஷ்டமில்ல." நான் அங்கேதான் இருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒத்துக்கொள்ளுங்கள் என்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். மேடம் எங்கள் இரண்டு பேரையும் ஒரே பார்வைதான் பார்த்தார். "ரெண்டு வரியும் இருக்கும்" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு வரியும் இருந்தன. முதல் வரி, பதிவு செய்யாமல் ஏற்றிய சரக்கிலிருந்து ஒழுகிய உப்புத் தண்ணீரே புகைக்குக் காரணம் என்றது. இரண்டாவது வரி, சோதித்ததாகக் கையெழுத்திட்ட டெக்னீஷியன் பலகையைத் திறக்கவில்லை, திறந்திருந்தால் அரிப்பு அன்றைக்கே தெரிந்திருக்கும் என்றது. என் லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்திவைத்தார்கள். எனக்கு அது வேண்டியதுதான். மேடத்தை விசாரணைப் பிரிவிலிருந்து தூக்கிப் பழைய ஃபைல்கள் இருக்கும் அறைக்கு அனுப்பினார்கள். ரிட்டயர் ஆகும்வரை அங்கேயே இருந்தார். ஒருமுறை பார்க்கப் போயிருந்தேன். "இங்க ஃபேன் நல்லா ஓடுது, உட்காரு" என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது டீ சொல்லிவிட்டார்.

இந்த மனுஷிக்குத்தான் ஊர்ப்பாசப் பட்டம் கட்டுகிறார்கள். பிடிவாதக்காரி என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஊர்க்காரனுக்காக வளைந்தவர் என்று இனி ஒருவரும் சொல்லக் கூடாது.

அறிக்கையில் என் பெயர் கிடையாது. டெக்னீஷியன் என்று மட்டும்தான் இருக்கும். இத்தனை நாளும் அந்த மறைவு எனக்கு வசதியாக இருந்தது. இன்றோடு போதும். இப்போது எனக்கு வேலை கொடுத்திருப்பவர்களும் படிக்கட்டும். மேடத்திடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த இரண்டாவது வரியைத்தான். அதில் வரும் டெக்னீஷியன், வானூர் ஞானவேல். திறக்காமல் கையெழுத்துப் போட்டவன்.