எலுமிச்சை மரத்துக்கு நான் இட்ட உரம்

அந்த எலுமிச்சை மரத்தடியில் முட்டை ஓடுகளைப் புதைத்தவள் நான்தான். ரேகா இல்லை.

இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்திருக்கிறது. இப்போதும் சொல்ல வேண்டியவரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். உங்களால் என்னை வீட்டைக் காலி செய்யச் சொல்ல முடியாது. அந்த வசதிக்காகத்தான் உங்களைப் பிடித்தேன் என்பதையும் கையோடு ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மயிலாப்பூரில், குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில், மாமி வீட்டு மாடியில் நான் குடியிருக்கிறேன். மாமி வீணை சொல்லிக்கொடுப்பவர். கணவர் காலமாகிவிட்டார், மகன் வெளிநாட்டில். கீழே முன்பக்கம் மாமி, மாடியில் நான். பின்கட்டில் ஓர் ஒற்றை அறை உண்டு. அதில் ரேகாவும் அவளுடைய சிறுமகளும் இருந்தார்கள். அந்த அறை வாசலை ஒட்டித்தான் மரம். என் பால்கனிக்கு நேர் கீழே.

ரேகாவுக்கு தி.நகரில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை. எனக்குப் பெருங்குடியில் ஒரு கணினி நிறுவனத்தில். மற்றவர்கள் எழுதிய நிரலில் தப்பு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். சிரிக்க வேண்டுமென்றால் சிரித்துக்கொள்ளுங்கள்.

வீடு தரும்போது மாமிக்கு ஒரே நிபந்தனைதான். வீட்டுக்குள் மாமிசம் மட்டுமல்ல, முட்டைகூட நுழையக் கூடாது. ரேகாவிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் சாவியைக் கொடுத்தாராம். என்னிடம் சொல்லவே இல்லை. சொந்த ஊர் எது என்று கேட்டார். திருநெல்வேலி என்றேன், அப்பா பெயரையும் சொன்னேன். "அப்போ சைவப் பிள்ளைமார்தானே, நன்னாப் போச்சு" என்று கேள்வியையும் பதிலையும் அவரே முடித்துக்கொண்டார். அன்றைக்கு அது உண்மையாகவும் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விவாகரத்து ஆன பெண்ணுக்கு வீடு தேடிப் பார்த்திருக்கிறீர்களா? "சார் எப்போ வருவார்?" என்று எத்தனை வாசல்களில் கேட்டார்கள்! மாமி மட்டும் அதைக் கேட்கவில்லை. அவர் எனக்கு வெறும் வீட்டுக்காரர் இல்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். இது சமாதானம் இல்லை... சமாதானம்தானோ?

அடையாறில் சனிக்கிழமைகளில் ஒரு பேக்கிங் வகுப்புக்குப் போய்வந்தேன். அங்கே கற்றதுதான் லெமன் பார். கீழே மைதாவும் வெண்ணெயும் சேர்ந்த பிஸ்கட் தளம்; அதைத் தனியாக ஒருமுறை பேக் செய்துகொள்ள வேண்டும். மேலே எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, வெண்ணெய், முட்டையின் மஞ்சள் கரு ஆகிய நான்கையும் கொதிநீரின் மேல் வைத்த பாத்திரத்தில் விடாமல் கிளறி, கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்கும் பதத்தில் இறக்கி, தளத்தின் மேல் ஊற்றி, மறுபடி ஓவனில் வைக்க வேண்டும். நன்றாக ஆறிய பிறகு துண்டு போட்டால் பளிச்சென்ற மஞ்சளில் சதுரம் சதுரமாக வரும். புளிப்பு முதலில், இனிப்பு பின்னால். நான் அதற்கு அடிமையானேன் என்றே சொல்லலாம்.

மார்கழிப் பனியில் மாமி மரத்துப் பழங்கள் பழுத்து உதிரும். மாமி ஒரு கூடை நிறையக் கொண்டுவந்து என் சமையல் மேடையில் வைப்பார். முதல் தடவை நான் யோக்கியமாகத்தான் இருந்தேன். முட்டைக்குப் பதில் சோள மாவும் கண்டென்ஸ்டு மில்க்கும் போட்டுச் செய்தேன். அல்வாவுக்கும் அஞ்சலகத்துப் பசைக்கும் நடுவில் ஏதோ ஒன்று வந்தது. மாமி ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, "பரவாயில்லை" என்றார். அந்தப் பரவாயில்லை எனக்கு உறைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முட்டை வாங்கி வந்தேன். லேப்டாப் பையில் வைத்து, துண்டு சுற்றி. என் நாக்குக்கு மட்டும், ஒரே ஒரு முறை என்று நினைத்துக்கொண்டேன். தட்டு ஆறிக்கொண்டிருந்தபோது மாமி தோசைக்கல்லைத் திருப்பிக் கேட்டு மாடிக்கு வந்தார். மஞ்சள் சதுரங்களைப் பார்த்தார். ஒன்றை எடுத்தார்.

"முட்டை கிட்டை போடலியே?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். சும்மா ஒரு பேச்சுக்கு.

"ஐயோ, இல்ல மாமி."

அந்த 'ஐயோ'வை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் அருவருப்பு. பொய் போதாதென்று அதற்குப் பொட்டு வேறு வைத்தேனே! அவர் கை வாய்க்குப் போகும்வரை எனக்கு நேரம் இருந்தது. தட்டிவிட்டிருக்கலாம். கீழே விழுந்தது என்று தட்டையே கவிழ்த்திருக்கலாம். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நன்றாக வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆசை.

நன்றாகத்தான் வந்திருந்தது. மாமி இரண்டாவதும் எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு அந்த மார்கழி முழுவதும் வாரம் தவறாமல் 'மஞ்சள் பர்பி' கேட்டார். வீணை கற்க வரும் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். ஒருநாள் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, சுவாமிக்கு நைவேத்தியம் பண்ணிவிட்டுத்தான் எல்லோருக்கும் கொடுத்தேன் என்றார். வெளியில் செய்ததை அவர் சுவாமி முன் வைக்க மாட்டார். ஆனால் பழம் தன் மரத்தது, செய்தவள் சைவம்... அதனால் தனக்குள்ளே ஒரு சலுகை கொடுத்துக்கொண்டிருக்கிறார். நான் தட்டை வாங்கிக் கழுவி வைத்தேன். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. கை நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும், நடுங்கவில்லை.

ஆனால் ரேகாவின் மகளுக்கு ஒரு துண்டுகூட நான் கொடுத்ததில்லை. வாசனை பிடித்துக்கொண்டு படியேறி வந்து, கதவருகில் நிற்பாள். பல் கூசும், புளிப்பு ஜாஸ்தி என்று ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவேன். அவளுக்குப் பள்ளியில் மதிய உணவோடு முட்டை போடுவார்கள். அந்த வீட்டில் என்னைத் தவிர முட்டையின் ருசி தெரிந்தவர்கள் அவளும் அவள் அம்மாவும்தான். அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயம். எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறேன் பாருங்கள்!

ஓடுகளை முதலில் டிபன் டப்பாவில் போட்டு பெருங்குடிக்குக் கொண்டுபோய், ஆபீஸ் குப்பைக் கூடையில் கொட்டிவந்தேன். பிறகு ஒரு வீடியோவில், முட்டை ஓட்டுத் தூள் எலுமிச்சைக்கு நல்ல உரம் என்று பார்த்தேன். காயவைத்து, மிக்ஸியில் பொடித்து, பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் விடும் சாக்கில் கீழே மரத்தடியில் தூவினேன். அடுத்த வருடம் மரம் காய்த்துக் குலுங்கியது. "எல்லாம் நீ வந்த ராசிதான் கோமதி" என்றார் மாமி.

அந்த மார்கழியில்தான் மாட்டிக்கொண்டிருக்க வேண்டியது. வீணைப் பிள்ளைகள் சேர்ந்து வாசிக்கும் ஒரு சின்ன நிகழ்ச்சிக்கு மாமி மஞ்சள் பர்பி நிறையக் கேட்டார். முட்டையும் நிறைய ஆனது. ஆபீஸில் வேலை கழுத்தை நெரித்தது. பொடிக்க நேரமில்லை. மாமி கோயிலுக்கும் ரேகா வேலைக்கும் போயிருந்த ஒரு பகலில், கீழே இறங்கி, கொத்துக்கரண்டியால் மரத்தடியைக் கிளறி, ஓடுகளை அப்படியே புதைத்து மண்ணை மூடினேன். ஆழம் போதவில்லை. அன்று மாலை பருவம் தப்பிய ஒரு மழை.

மறுநாள் காலையில் பூப்பறிக்கப் போன மாமி கண்ணில் பட்டது, ஈர மண்ணில் வெள்ளை வெள்ளையாக ஓடுகள். ரேகாவின் வாசலுக்கு ஓரடி தள்ளி.

சத்தம் எழுந்ததும் பால்கனிக்கு வந்தேன். சத்தம் என்று சொல்வது தப்பு, மாமி குரலை உயர்த்துகிறவர் இல்லை. ரேகாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். ரேகா மகளின் தலையைப் பின்னிக்கொண்டிருந்த கையோடு எழுந்து வந்திருந்தாள்.

"வூட்டுக்குள்ள நா முட்ட கொண்டாந்ததே இல்ல மாமி. பாப்பாக்கு ஸ்கூல்ல போடுவாங்க, துன்னுவா. அத்தோட சரி."

"சாப்பிடற வழக்கம் உண்டுன்னு நீயே சொல்லிண்டிருக்கியே" என்றார் மாமி.

அவ்வளவுதான். அவள் சொன்ன உண்மையே அவளுக்கு எதிர்ச்சாட்சி ஆகிவிட்டது. மாடியிலும் ஒரு குடித்தனம் இருக்கிறது என்பது மாமிக்குத் தோன்றவே இல்லை. ஊர் பெயரும் அப்பா பெயரும் என்னைச் சுற்றி மதில் எழுப்பியிருந்தன. ரேகாவிடம் அப்படி ஒரு மதில் இல்லை. அவளும் தனி, நானும் தனி. நம்பிக்கை மட்டும் எனக்குக் கிடைத்தது.

அப்போது ரேகா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நீ மேலதான கீற. என்னிக்காவது என் வூட்லேர்ந்து முட்ட வாசன வந்துகீதா? மாமிகிட்ட நீ சொல்லுக்கா."

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் காலையில போனா ராத்திரிதானே வர்றேன் ரேகா... எனக்குத் தெரியலையே."

முதல் பாதி உண்மை. அதனால்தான் இரண்டாம் பாதி எடுபட்டது. என் தொழிலில் இதை நான் தினமும் பார்க்கிறேன். பாதி சரியாக இருப்பதுதான் கண்ணில் படாமல் தப்பிக்கும். ரேகா உட்கார்ந்து, மகளின் பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள்.

பொங்கலுக்குள் காலி செய்துவிட்டாள். பெருங்குடியில் குப்பைக் கிடங்குப் பக்கம் வீடு கிடைத்ததாகச் சொன்னார்கள். நடு வருடத்தில் மகளுக்குப் பள்ளி மாற்றினாள். என் ஆபீஸுக்குப் பக்கத்தில் அவள், அவள் மகளின் பழைய பள்ளிக்குப் பக்கத்தில் நான். ஆபீஸ் வேனில் போகும்போது அந்தப் பக்கம் வந்தால் செல்போனைப் பார்த்துக்கொள்வேன்.

மாமி புரோகிதரை வரவழைத்து, புண்யாகவாசனம் செய்து, வீடெங்கும் தண்ணீர் தெளித்தார். என் மாடியில்கூட. பின்கட்டு அறையைப் பூட்டினார். அன்று சாயங்காலமே பழக்கூடையோடு மேலே வந்து, இப்போது சுத்தமாகிவிட்டது, நீ பண்ணு என்றார்.

பண்ணினேன். முட்டை போட்டுத்தான். நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது: அதற்குப் பிறகுமா? ஆமாம், அதற்குப் பிறகும். முட்டை இல்லாமல் செய்தால் ருசி மாறிவிடும். மாமி ஏன் என்று கேட்பார். கேட்டால்...? அவருக்கு அந்த ருசியைப் பழக்கியவள் நான். இப்போது அந்த ருசிதான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

போன மார்கழியில் ஒருநாள், தி.நகரில் ரேகா வேலை செய்யும் பார்லரைத் தேடிப் போனேன். ஏன் போனேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. கையில் ஒரு டப்பா லெமன் பார். படிக்கட்டுக்கு வந்தவளிடம், பாப்பாவுக்கு என்று நீட்டினேன். அவள் திறந்து, ஓரத்தில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள். மெல்லுவது மெதுவானது.

"முட்ட போட்டதாக்கா?"

"ஆமா."

"மாமி வூட்டு மரத்துப் பழமா?"

"ஆமா."

டப்பாவை மூடினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லப்போனால் அதற்காகத்தான் போயிருக்கிறேன் போலிருக்கிறது. திட்டு வாங்கிக்கொண்டு, கணக்கு தீர்ந்தது என்று பேருந்து ஏறிவிடலாம். அவள் திட்டவில்லை.

"பின்னாடி ரூமு காலியாதான் கீதா?"

"காலியாத்தான் இருக்கு."

"மாமிகிட்ட சொல்லுக்கா. பாப்பா அந்த ஸ்கூலுக்கே போவணும்னு சொல்லிக்கினே கீது." டப்பாவை என் கையில் திருப்பி வைத்தாள். "சொல்லிட்டு வந்து குடு. வாங்கிக்கிறேன்."

சொல்கிறேன் என்றேன். அந்த டப்பாவை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து, பிரிட்ஜில் வைத்து, நானே தின்று தீர்த்தேன்.

ஒரு வருடம் ஆகிவிட்டது. ஓடுகளை இப்போது மரத்துக்குப் போடுவதில்லை. பழையபடி ஆபீஸ் கூடைதான். இந்த வருடம் காய்ப்பு குறைவு. மரம் களைத்துப்போய்விட்டது என்கிறார் மாமி. பால்கனியில் நின்றால் மரத்தடியும் அந்தப் பூட்டும் தெரியும். நிற்பதைக் குறைத்துக்கொண்டுவிட்டேன்.

இன்று காலை, கூடையில் அடி மட்டும் மறையும் அளவுக்குப் பழங்களோடு மாமி வந்தார். வைத்துவிட்டுப் போகாமல் படியருகே நின்றார். முழங்கால் வலி, ராத்திரியில் கீழே தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்றார்.

"பின்கட்டு ரூம்ல யாரையாவது வெச்சுக்கலாம்னு பாக்கறேன். ஆனா யாரை நம்பறது சொல்லு? உன்ன மாதிரி யாராவது இருந்தா சொல்லேன்."

இதைவிடத் தோதான இடம் எனக்கு அமையப்போவதில்லை. ரேகா என்று ஒரு பெயர் சொன்னால் போதும். அதற்குப் பின்னால் வரவேண்டிய இன்னொரு வரியும் வாய்வரை வந்தது. மாமி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நான் தலையாட்டுவதற்குக் காத்திருந்தார்.

"சொல்றேன் மாமி" என்றேன்.

சாயங்காலம் பெருங்குடியிலிருந்து திரும்பும்போது முட்டை வாங்கிவந்தேன்.