பாட்டு மட்டும் வேண்டாம்

எங்கள் கடை வரிசையில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவருக்கு ‘பேக்கப்’ என்று பட்டப்பேர் வைத்தவள் நான்தான். யார் செத்த கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே "பேக்கப் எடுத்தீங்களா?" என்பார், உள்ளே இருப்பதற்கு இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்தாயிற்றா என்று. இல்லை என்றால் தொலைந்தார்கள். டீ ஆறும்வரை திட்டு விழும். பக்கத்து ஜெராக்ஸ் கடை என்னுடையது. நடுவில் பலகைத் தடுப்புதான். அத்தனையும் என் தலையெழுத்து, கேட்டாக வேண்டும்.

அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். மதியம் சாப்பாட்டு கேரியரோடு முனை திரும்பும்போதே "என்னங்க!" என்று குரல் கொடுப்பார். வரிசை முழுக்கக் கேட்கும். "இதோ வந்துட்டேன்" என்பார் இவர். ஆனால் மனுஷன் அசையவே மாட்டார். "உங்க அண்ணனுக்கு வாய்தான் எழுந்து வரும், ஆள் வராது" என்று அண்ணி என்னிடம் சிரிப்பார்.

அண்ணியின் அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. பாழாய்ப்போன கட்டிக்கு வேறு இடமா கிடைக்கவில்லை! குரல்வளையை எடுத்தால்தான் உயிர் பிழைப்பார், அப்புறம் பேச்சு வராது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரம், கடை ஷட்டரைப் பாதி இறக்கி, ஃபேனை நிறுத்தி, அண்ணியை மைக் முன்னால் உட்கார வைத்தார். அன்றாடப் பேச்செல்லாம் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏறியது. "தண்ணி வேணும்." "யாரோ கதவத் தட்டுறாங்க பாருங்க." "போங்க, உங்களோட மாரடிக்க முடியாது." புண் ஆறியதும் இதையெல்லாம் போனில் போட்டுக் கொடுப்பார், அண்ணி பொத்தானை அழுத்தினால் அவருடைய சொந்தக் குரலே பேசும் என்று ஏற்பாடு. கடைசியில் "என்னங்க". அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். நான் என் மெஷினை நிறுத்திவிட்டு, வந்தவர்களிடம் "கரண்ட் இல்ல, போங்க" என்று விரட்டிக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. போனில் போட வேண்டிய நேரத்தில் அவர் கம்ப்யூட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டு படுத்துவிட்டது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது.

"ஐயையோ, அண்ணி குரல் அதுலதானே இருக்கு?" என்று ஓடினேன்.

"ஏம்மா பதறுற? பேக்கப் இருக்கு. ஊருக்கெல்லாம் சொல்றவன் நான் எடுக்காம இருப்பேனா?"

பழைய டிஸ்க்கைக் கழற்றிப் புதியதை மாட்டினார். டிராயரிலிருந்து பேக்கப் டிஸ்க்கை எடுத்து இணைத்தார். திரையில் பச்சைக் கோடு மெல்ல நகர, சீட்டியடித்துக்கொண்டிருந்தார். பில்கள் வந்தன, போட்டோக்கள் வந்தன, அவர்கள் கல்யாண வீடியோ வந்தது. அண்ணியின் பேரில் இருந்த ஃபோல்டரும் வந்தது. திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை.

மூடித் திறந்தார். மறுபடியும் மூடித் திறந்தார். சீட்டி நின்றுபோனது.

"என்னண்ணே ஆச்சு?"

"பாட்டு ஃபைல் எதையும் எடுக்காதேன்னு நான்தாம்மா செட் பண்ணி வச்சேன். பாட்டு எங்க வேணா கிடைக்கும், எதுக்கு எடத்த அடைக்கணும்னு எல்லாருக்கும் அப்படித்தான் பண்ணுவேன். அவ பேசினதும் அதே மாதிரி ஃபைல்தான். பாட்டுன்னு நெனச்சு விட்டுடுச்சு."

"பழைய டிஸ்க்குல எடுக்க முடியாதா?"

"உள்ள தட்டே கீறிப் போச்சு. அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குத் தெரியும்."

சட்டென்று நினைவு வந்து, கல்யாண வீடியோவைப் போடச் சொன்னேன். அண்ணி பேசுகிறார், சிரிக்கிறார், உதடெல்லாம் அசைகிறது. சத்தம் மட்டும் பாட்டு. ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பாட்டைப் போட்டு நிரப்பியிருந்தான் அந்த வீடியோக்காரன். அவன் விளங்கவே மாட்டான்.

மதியமானது. கழுத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு அண்ணி முனையில் திரும்பினார். எப்போதும் போல வாய் திறந்து மூடியது. கடை வாசலில் நின்று கேரியரால் ஷட்டரை லேசாகத் தட்டினார்.

"இதோ வந்துட்டேன்" என்றார் அண்ணன். சொன்ன வேகத்திலேயே ஸ்டூல் உருள எழுந்தும் விட்டார்.

அண்ணி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார், ‘பார்த்தாயா, ஆளே வருகிறது’ என்பதுபோல. அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது. அண்ணன் அதைச் சொல்லப்போவது என் காதில் விழ வேண்டாமென்று, வெற்றுத் தாளை வைத்து மெஷினை ஓடவிட்டேன்.