இஞ்சி வேரா, தண்டா?

அறிவியல் நோட்டோடு மகள் சமையலறைக்கு வந்து, "அம்மா, இஞ்சி வேரா, தண்டா?" என்று கேட்டாள். அவளுடைய அப்பா கப்பல் வேலைக்குப் போய்விட்ட மாதங்களில் அவள் என்னைத் தேடி வருவது வீட்டுப்பாடத்துக்கு மட்டும்தான். சாயாவுக்குத் தட்டிய இஞ்சியின் காரம் மூக்கில் ஏற, நான் நினைவில் என் சின்ன வயதுக்கு, கொச்சங்காடியின் சுக்குக் கிடங்குக்குப் போய்விட்டேன்.

பள்ளி விட்டதும், அங்கே வேலை பார்த்த என் அம்மா கிளம்பும்வரை, சாக்குமூட்டை மேல் உட்கார்ந்திருப்பேன். முற்றம் முழுக்கச் சுக்கு காய, பெண்கள் அதைக் காலால் கிளறியபடி நடக்கும் சரசரப்பு ஓயாமல் கேட்க, சுக்குக்குப் பூசும் சுண்ணாம்புத் தூள் படிந்து எல்லார் புருவமும் நரைத்திருக்கும். ஒருநாள் இதே கேள்வியை நான் உரக்கப் படித்ததும், சுக்கு புடைத்துக்கொண்டிருந்த பெண்களின் முறங்கள் நின்றுவிட்டன.

"மண்ணுக்குள்ளதானே கிடக்குது? வேருதான் மோளே," என்றார் அம்மிணி சேச்சி.

"அப்ப மண்புழுவும் வேரா சேச்சி?" என்றாள் என் அம்மா.

சிரிப்பும் சண்டையுமாக அந்தச் சாயங்காலம் முழுவதும் போனது. கடைசிவரை யாருக்கும் பதில் தெரியவில்லை. அந்தக் கிடங்கு இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வரும் காப்பிக்கடை.

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில் போனில் தேடி, "தண்டு, மண்ணுக்கடியில் வளரும் தண்டு," என்றேன். மகள் அப்படியே எழுதி, நோட்டை மூடிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

நானும் உடனே தேடாமல், கொஞ்ச நேரம் தெரியாதவளாகவே இருந்திருக்கலாம். அதுவரை அவள் என் பக்கத்தில் நின்றிருப்பாள்.